அரை எச்.பி. சாம்பார்

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலேயே சின்னவர் கூப்பிட்டு அனுப்பினார். சின்னவர் என்றால் எங்கள் பம்ப் கம்பெனியின் எம்.டி. உள்ளே போனதும், "கதவச் சாத்திட்டு உக்காருங்க மேடம்" என்றார். மனிதவளப் பிரிவில் இத்தனை காலம் குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா? கதவைச் சாத்தினால் ஒன்று ஆளைத் தூக்குவார்கள், இல்லை ஆளை ஏற்றுவார்கள். சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

அவர் தன் செல்போனை என் பக்கம் தள்ளினார். பேஸ்புக்கில் ஒரு பக்கம். பெயர் 'அரை எச்.பி. சாம்பார்'. எங்கள் கேன்டீன் தட்டை மேலிருந்து போட்டோ எடுத்திருந்தார்கள். தட்டில் கம்பெனி முத்திரை பளிச்சென்று தெரிந்தது. அந்தத் தண்ணிச் சாம்பாருக்கு அடியில் இருந்தால் வேறென்ன செய்யும்? கீழே எழுதியிருந்தது: 'இந்தச் சாம்பாரை மூன்றாவது மாடிக்கு ஏற்ற அரை எச்.பி. மோட்டார் போதும். உள்ளே பருப்பு கிடைத்தால் தயவுசெய்து ஸ்டோரில் ஒப்படைக்கவும்.'

சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தேன்.

"நேத்து ஒரு டீலர் போன் பண்றாரு. 'ஏனுங்க, சாம்பாருக்கு எத்தன வருசம் வாரன்டி'ங்கறாரு. மானம் போகுதுங்க மேடம். ஆயுத பூஜைக்கு டீலருங்க எல்லாம் வர்றாங்க. அதுக்குள்ள இத நடத்தறது யாருன்னு எனக்குத் தெரியோணும்" என்றார்.

அப்புறம் சொன்னதுதான் விஷயம். கண்டுபிடித்துக் கொடுத்தால் நான்தான் எச்.ஆர். மேனேஜர். கண்ணாடி ரூமும் எனக்கே!

கண்ணாடி ரூம்! ஏ.சி., ஜன்னல், சாத்திக்கொள்ள ஒரு கதவு. இப்போது நான் உட்கார்ந்திருப்பது ஜெராக்ஸ் மெஷினுக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில். வருகிறவன் போகிறவன் எல்லாம் என் தலைக்கு மேலாகத்தான் டம்ளரை நீட்டுகிறான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

திருடனைப் பிடிக்க நாமும் உள்ளே போக வேண்டும். எனக்கு பேஸ்புக்கில் கணக்கு உண்டு. கல்யாண நாளுக்கு வாழ்த்துச் சொல்வதோடு சரி. அந்தப் பெயரில் போனால் காரியம் கெட்டுவிடும். பொய்ப் பெயரில் ஒன்று தொடங்க வேண்டும், எப்படி என்று தெரியவில்லை.

பர்ச்சேஸில் இருக்கிற தங்கமாரியைக் கூப்பிட்டேன். ஆபீசிலேயே அதிகம் போன் நோண்டுகிறவள் அவள். பம்ப் டெஸ்ட் செய்கிற தொட்டி முன்னால் ஆடி வீடியோ போட்டதற்காக நானே சித்திரையில் அவளுக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற பெண் இல்லை. மதியம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான்.

"எங்க சொந்தக்காரப் பையனுக்கு ஒரு அக்கவுன்ட் வேணுமாம்" என்றேன்.

"பையன் பேரு என்னங்க்கா?"

அதை யோசித்து வைக்கவில்லை. என் போனில் வீட்டுச் செம்பருத்தியின் படம் இருந்தது. "செல்வன். செம்பருத்தி செல்வன்" என்றேன்.

"நல்ல பேருங்க்கா" என்று சொல்லி அந்தப் பூவையே படமாக வைத்துக் கொடுத்தாள். சந்தேகமே வரவில்லை அவளுக்கு. நான் துப்பறியும் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள்.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று பக்கத்தில் ஒரு போட்டி. இட்லி சாம்பாருக்குள் கிடக்கும் படம். 'தலைப்புத் தாருங்கள்.'

நம்பிக்கையைப் பெற வேண்டும் என்பதற்காகத்தான் நானும் எழுதினேன்: 'இட்லியும் நம்ம கம்பெனி தயாரிப்புதான். சப்மெர்சிபிள் மாடல். முழுகினாலும் ஓடும்.'

போட்டுவிட்டு வருகைப் பதிவைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் போன் குதிக்கிறது! லைக் மேல் லைக். வைண்டிங் பிரிவு மொத்தமும் சிரித்து வைத்திருக்கிறது. செக்யூரிட்டி கூட ஒரு இதயம் போட்டிருக்கிறார். 'செல்வன் அண்ணே, நீங்க எந்த டிபார்ட்மென்ட்?' என்று ஒருவன் கேட்டிருந்தான். பக்கத்தை நடத்துகிற ஆளே 'முதல் பரிசு செம்பருத்திக்கு' என்று அறிவித்துவிட்டார்.

மத்தியானம் மீட்டிங்கில் மேஜைக்குக் கீழே போனை வைத்து எத்தனை ஆயிற்று என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விசாரணையின் ஒரு பகுதி அது.

செப்டம்பர் 15, திங்கள்

கேன்டீன் மாஸ்டர் குப்புராஜ் அண்ணன் இண்டென்ட் சீட்டோடு வந்து நின்றார். கேன்டீனுக்கு என்ன சாமான் எவ்வளவு என்று கையெழுத்துப் போடுவது நான்தான்.

"பருப்பு மட்டும் கொஞ்சம் ஏத்திப் போட்டுக் குடுங்க மேடம். இந்தப் பருப்ப வெச்சு நான் என்னத்தப் பண்றதுங்க? தட்டக் கொண்டாந்து நீட்டுறவன் மூஞ்சியப் பாக்க முடியல."

சின்னவர் குறைக்கச் சொல்லி ஆனி மாதத்தில் நானே குறைத்த பருப்பு அது. மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன். கண்டிப்பு வேண்டும் இல்லையா? அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற சத்தம் ஓய்ந்த நேரத்தில் பக்கத்தில் புதுப் பதிவு: 'இன்று பருப்பு கேட்கப் போனேன். பருப்புக்கு இந்தக் கம்பெனியில் வேலை காலி இல்லையாம்.'

நாலைந்து முறை படித்துப் படித்துச் சிரித்தேன். கேன்டீன் சமாச்சாரம் இந்த ஆளுக்கு மட்டும் எப்படித்தான் உடனுக்குடன் தெரிகிறதோ! ஸ்டோர்ஸில் யாராவது இருக்கும்.

செப்டம்பர் 17, புதன்

வேலை நேரத்தில் பேஸ்புக் பார்க்கக் கூடாது என்று நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கை ஒட்டினேன். அதைப் போட்டோ எடுத்துப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். முதல் லைக் என்னுடையது.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனி. மாஸ்டர் லீவு போட்டுவிட்டுத் திருப்பதி போயிருக்கிறார். உதவியாள் கிண்டிய உப்புமாவைச் சாப்பிட்டோம். பக்கத்திலும் நேற்றிலிருந்து ஒன்றையும் காணோம். சும்மா சும்மா திறந்து பார்த்தேன். விசாரணை தடைப்படுகிறதே என்ற கவலைதான்.

செப்டம்பர் 22, திங்கள்

மாஸ்டர் மொட்டைத் தலையோடு வந்து எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். பக்கத்திலும் பதிவு வந்துவிட்டது, அப்பாடா: 'மலையேறிப் பெருமாளிடமே பருப்பு கேட்டேன். எச்.ஆரில் கேள் என்றார்.'

எனக்குப் புரையேறிவிட்டது. தங்கமாரி தலையில் தட்டினாள். "என்னங்க்கா போனப் பாத்து இப்படிச் சிரிக்கறீங்க?"

"எங்க அக்கா பேத்தி வீடியோ" என்றேன்.

"பேத்தி நல்லா எழுதறாளுங்க்கா" என்றாள். என்ன சொன்னாள் என்று யோசிக்க நேரமில்லை, மணி அடித்துவிட்டது.

செப்டம்பர் 24, புதன்

ஆயுத பூஜைப் பரிசு முடிவாகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் பூஜையன்று தொழிலாளிகளுக்குப் பொரியோடும் ஸ்வீட்டோடும் ஒரு பரிசு உண்டு. அது என்ன என்பது அன்றுவரை பரம ரகசியம். சின்னவர், ஆர்டர் போடுகிற தங்கமாரி, நான், மூன்று பேர் மட்டும் உட்கார்ந்து பேசினோம். போன வருஷம் பிளாஸ்டிக் பக்கெட். இந்த வருஷம் அதற்கு ஜோடியாக மக். சின்னவர் தானே தேர்ந்தெடுத்த சாம்பிளைத் தூக்கிக் காட்டினார். எனக்கும் தங்கமாரிக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தைரியமில்லை.

வீட்டுக்கு வந்து தோசை ஊற்றும்போது அது மண்டைக்குள் தானாக வந்து உட்கார்ந்தது. வந்ததை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுதினேன்:

'போன ஆயுத பூஜைக்கு பக்கெட். இந்த ஆயுத பூஜைக்கு மக். அடுத்த வருஷம் தண்ணீர் கொடுத்தால் குளித்துவிடலாம். பம்ப் கம்பெனிதானே, பொறுமையாக இருப்போம்.'

தோசை கருகிவிட்டது. வீட்டுக்காரர் அதையே தின்றார். நான் எழுதியதிலேயே இதுதான் உச்சம்.

செப்டம்பர் 25, வியாழன்

காலையில் பக்கத்தில் என் வரிகளைப் பெரிய எழுத்தில், செம்பருத்தி செல்வன் பெயரோடு போட்டிருக்கிறார்கள்! ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே வருகிறவன், வெளியே போகிறவன் எல்லாம் ஒருவன் தோளில் ஒருவன் விழுந்து சிரிக்கிறான். வேறு கம்பெனிக்காரர்கள் கூட எடுத்துப் பகிர்ந்திருக்கிறார்கள். 'யாருப்பா இந்தச் செல்வன், பிறவி எழுத்தாளன்' என்று முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருக்கிறார். பிறவி எழுத்தாளன்!

நாளெல்லாம் கால் தரையில் பாவவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

சின்னவர் கூப்பிட்டார். தங்கமாரி ஏற்கனவே உள்ளே நின்றுகொண்டிருந்தாள்.

"பரிசு மக்குன்னு தெரிஞ்சது மூணே பேருக்கு. நான் எழுதல. மேடம் எழுத மாட்டாங்க. அப்ப யாரு?" என்று அவளைக் கேட்டார்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவே இல்லை. எழுதும்போது அந்தச் சிரிப்பு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்" என்றாள் தங்கமாரி.

"பொழுதன்னிக்கும் போனும் கையுமா இருக்கறது நீதானம்மா. மெமோ வேற வாங்கியிருக்கற. அந்தச் செல்வனும் நீதான், பக்கம் நடத்தறதும் நீதான். ஒத்துக்க."

"நான் இல்லீங்க சார்."

மேஜை மேலிருந்த சாம்பிள் மக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஒருமுறை பார்த்திருந்தால் கூடத் தேவலாம் போலிருந்தது.

அவளை அனுப்பிவிட்டு சின்னவர் என்னிடம் சொன்னார், "டிஸ்மிஸ் லெட்டர் திங்கக்கெழம ரெடியா இருக்கோணும். ரெண்டாவது தப்பு, வெளிய அனுப்பிரலாம்." பிறகு டிராயரைத் திறந்து ஒரு சாவியை எடுத்து என் கையில் வைத்தார். கண்ணாடி ரூம் சாவி.

"தேங்க்ஸ் சார்" என்றேன். வேறென்ன சொல்வது.

செப்டம்பர் 27, சனி

கண்ணாடி ரூமுக்கு மாறினேன். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் தெரிகிறது. ஏ.சி. நன்றாக வேலை செய்கிறது. கொஞ்சம் அதிகமாகவே குளிர்கிறது.

லெட்டர் அடிக்க உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் மாதிரி இருக்கிறது, பெயரை மட்டும் மாற்றினால் போதும். இந்த லெட்டரை வாங்கிக்கொண்டு போகிறவள் வேறு எந்தக் கம்பெனியில் வேலை கேட்டாலும், 'ஆள் எப்படிங்க?' என்று அங்கிருந்து எனக்குத்தான் போன் வரும். நானே அடித்து, நானே அனுப்பி, நானே போனிலும் சொல்ல வேண்டும்.

மத்தியானம் தங்கமாரி சாப்பாட்டு டப்பாவோடு உள்ளே வந்தாள். எப்போதும் போல.

"ரூம் நல்லா இருக்குதுங்க்கா. லெட்டர் அடிச்சாச்சுங்களா?"

"நீ ஏன் கண்ணு சொல்லல?" என்று கேட்டுவிட்டேன்.

"என்னத்தங்க்கா சொல்றது?"

"செல்வன் யாருன்னு உனக்குத் தெரியுமில்ல."

"அந்தப் பூவ வெச்சுக் குடுத்ததே நாந்தானுங்களே." ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள். "இட்லி சப்மெர்சிபிள்னு போட்டன்னிக்கே பாத்தேன். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால உக்காந்து தனியாச் சிரிச்சுட்டு இருந்தீங்க. இத்தன வருசத்துல நீங்க சிரிச்சு நான் பாத்ததே இந்த மாசந்தானுங்க்கா. அதப் போய் நான் எப்படிங்க காட்டிக் குடுக்கறது?"

"உன் வேல போயிருமே, பைத்தியமே!"

"அது பயமாத்தானுங்க இருக்குது" என்றாள். அப்போதுதான் அவள் சோற்றைப் பிசைகிறாளே தவிரச் சாப்பிடவில்லை என்பதைக் கவனித்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

துணி துவைத்தேன். அலமாரியை ஒழித்தேன். தேவையே இல்லாமல் மிக்ஸியைக் கழற்றிக் கழுவினேன்.

வீட்டுக்காரர் போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கனகு, இங்க வா. உங்க கம்பெனி மக்கு ஜோக்கு எங்க ஈ.பி. ஆபீசு வரைக்கும் வந்துருச்சு. எவனோ சூப்பரா எழுதியிருக்கான்."

"எழுதியிருக்கான் இல்ல, எழுதியிருக்கா" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். புதன்கிழமை கருகின தோசை நினைவுக்கு வந்திருக்கும். "அடிப்பாவி" என்றார். அப்புறம் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார், இந்த முறை கண்ணில் தண்ணீர் வர. நானும் சிரித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தங்கமாரி பெயர் வந்ததும் அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு என்ன பண்ணப் போற?" என்று கேட்டார். டீ போட எழுந்து போய்விட்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

என்னவோ பண்ணிவிட்டேன்!

ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக மாஸ்டரைக் கூப்பிட்டேன். பருப்பு இண்டென்டில் பழைய அளவைப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். கண்ணாடி ரூமில் இருக்கும்வரை நான் மேனேஜர், அந்த அதிகாரம் எனக்கு உண்டு. மாஸ்டர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க..." என்று இழுத்தார்.

"எனக்கு வேலை இருக்குதுங்கண்ணா. உங்க போன் பாக்கெட்ல இருந்து விழுகற மாதிரி இருக்கு, பத்திரம்" என்றேன். மொட்டைத் தலை வரைக்கும் வியர்த்துவிட்டது அவருக்கு.

பிறகு என் சொந்தக் கணக்கைத் திறந்தேன். கல்யாண நாள் வாழ்த்துக் கணக்கு. என் முகம், என் பெயர். 'அரை எச்.பி. சாம்பார்' பக்கத்துக்குப் போய், அந்த மக் ஜோக்குக்குக் கீழே எழுதினேன்:

'இதை எழுதியது நான். செம்பருத்தி செல்வன் நான்தான். இதில் வேறு யாருக்கும் சம்பந்தமில்லை. கனகவல்லி, மனிதவளப் பிரிவு.'

பட்டனை அழுத்த விரல் போக மாட்டேன் என்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கமாரி தன் மேஜையை ஒழித்துக்கொண்டிருந்தாள். சாமி படத்தை எடுத்துப் பையில் வைத்தாள். அழுத்திவிட்டேன்!

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் தொழிற்சாலைப் பக்கமிருந்து ஒரு சத்தம். யாரோ விசில் அடித்தார்கள். இன்னொருவன். வைண்டிங் பிரிவிலிருந்து கைதட்டல். என் போன் மேஜை மேல் துள்ளித் துள்ளி ஓரத்துக்கே போய்விட்டது. 'மேடமா!!!' 'நம்ம எச்.ஆர். மேடமா!' 'மெமோ குடுத்த கையா இது!' தங்கமாரி போனைப் பார்த்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

சாவியை எடுத்துக்கொண்டு நானே சின்னவர் அறைக்குப் போனேன். அவருக்கும் அதற்குள் தெரிந்துவிட்டது.

"நீங்களா மேடம்?" என்றார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "அந்த மக்கு நான் கடை கடையா ஏறி எடுத்ததுங்க. கலரு கூட நாந்தான் சொன்னேன்."

அதுமட்டும் என்னைக் குத்தியது. "மக்குல குறை இல்லீங்க சார். தங்கமாரிக்கு இதுல எந்தச் சம்பந்தமும் இல்ல. லெட்டர் நான் அடிக்கல" என்று சொல்லிச் சாவியை மேஜையில் வைத்தேன்.

"பக்கம் நடத்தறது யாரு? அதையாவது கண்டுபுடிச்சீங்களா?"

"இன்னும் தேடிட்டுத்தானுங்க இருக்கேன்."

அவர் சாவியை எடுத்து டிராயருக்குள் போட்டுக்கொண்டார். பக்கம் நடத்துவது யார் என்று எனக்குத் தெரியாது. இந்த நாட்குறிப்பிலும் எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 30, செவ்வாய்

தங்கமாரி சாமி படத்தை மறுபடி மேஜையில் வைத்துவிட்டாள். மேனேஜர் பதவி போயிற்று. எனக்கு மெமோ கொடுக்கச் சொல்லி உத்தரவு. எங்கள் கம்பெனியில் மெமோ அடிப்பது யார்? நான்தான். ஜெராக்ஸ் மெஷினுக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில் உட்கார்ந்து எனக்கு நானே மெமோ அடித்தேன். 'தங்களின் செயல் நிர்வாகத்தைப் பெரிதும் வருத்தமடையச் செய்துள்ளது' என்பதில் 'பெரிதும்' போதாது என்று பட்டது, 'மிகப் பெரிதும்' ஆக்கினேன். சின்னவரிடம் கையெழுத்து வாங்கி வந்து, எனக்கு நானே கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டேன். தங்கமாரி இதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. லேத்துக்கெல்லாம் சந்தனப் பொட்டு, மாவிலை. குடும்பம் குட்டியோடு அத்தனை பேரும் வந்திருந்தார்கள். சின்னவர் வரிசையாக மக் கொடுத்தார். வாங்கியவன் ஒவ்வொருவனும் நேராக என்னிடம் வந்து, மக்கைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு என்னோடு போட்டோ எடுத்தான். வைண்டிங் பிரிவு ஆள் ஒருவரின் மனைவி, "நீங்கதானுங்களா அது? எங்கூட்ல எல்லாரும் சிரிச்சோமுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் முறை வந்தபோது சின்னவர் முகத்தைப் பார்க்காமல் மக்கை நீட்டினார். ஆனால் இரண்டு கையாலும் நீட்டினார்.

சாம்பாரில் கரண்டி நின்றது.

அக்டோபர் 3, வெள்ளி

மெமோவுக்கு இன்று விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கும் மாதிரி இருக்கிறது, நான் எழுதி வைத்ததுதான்: 'அறியாமல் செய்துவிட்டேன், இனி நிகழாது.' எத்தனையோ பேரை அப்படி எழுத வைத்திருக்கிறேன். எனக்கு அது வரவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். கடைசியில் எழுதிக் கொடுத்தது இது:

'ஐயா, பரிசு பற்றிய ரகசியத்தை வெளியே சொன்னது தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். என்னால் தங்கமாரி இரண்டு நாள் சோறு தின்னாமல் இருந்தாள். அது இன்னும் பெரிய தவறு, அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஜோக் எழுதியதற்கு விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கம்பெனியில் நான் கொடுத்த காகிதத்தைப் படித்துவிட்டு இதுவரை யாரும் சிரித்ததில்லை. இதைப் படித்து எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு சந்தோஷமாக இருந்தது. வேறு விளக்கம் இல்லை. இப்படிக்கு, கனகவல்லி.'